கூடமாட என்று பெயர் வைத்தவனுக்கு

எய்யா, இதை நீ வண்டி ஓட்டிக்கொண்டே வாசிக்காதே. ஆபீஸில் உட்கார்ந்து, ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, நிதானமாக வாசி. நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று போனைப் பார்த்தபடியே தலையாட்டுவாய். எனக்குக் கோபம் வரும், நீ சிரிப்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். வாசித்த பிறகு ஆபீஸ் சுவரில் ஒட்டினாலும் ஒட்டு, உன் சிநேகிதர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அனுப்பு, எனக்கு ஒன்றுமில்லை. ஊரெல்லாம் மறைத்துத் திரிந்தவள் நான்; ஊரறியவே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலையில்தான் உன் கல்யாணப் பத்திரிகை பிரஸ்ஸிலிருந்து வந்தது. கட்டுக் கட்டாகக் கட்டில் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். மேல் கட்டைப் பிரித்து ஒன்றை உருவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உன் பெயர் இருக்கிற இடத்தை மட்டும் பார்த்தேன். பெயர், அதற்குக் கீழே பி.இ., அதற்கும் கீழே "கூடமாட, சங்கரன்கோவில்." அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் இதே இடத்தில் வேறொரு பெயரைப் போடச் சொல்லிப் பிரஸ்ஸில் கொடுத்தவளும் நான்தான். அது உனக்குத் தெரியும். ஏன் கொடுத்தேன், அந்த ஒரு நாளில் என்ன பாடு பட்டேன் என்பது முழுதாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

உன் அப்பா கடையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் விஷயத்தில் என்னைப் பயம் பிடித்தது அங்கேதான். ரத வீதியில் வளையல், ரிப்பன், சீப்பு, பவுடர் விற்கக் கடை போட்டபோது, "சிங்கப்பூர் ஃபேன்சி" என்று பெயர் வைத்தார். அவர் மதுரையைத் தாண்டியதில்லை. சரக்கும் மதுரைச் சரக்குதான். பெரிய பெயராக வைத்தால் கூட்டம் வரும் என்று யாரோ சொல்ல, இவரும் நம்பினார். கூட்டம் வரத்தான் செய்தது. "அண்ணாச்சி, சிங்கப்பூர் சென்ட் இருக்கா?" "சிங்கப்பூர் டார்ச் லைட்டு வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டு வந்தது. "அடுத்த வாரம் வருது" என்பார். அந்த அடுத்த வாரம் கடைசிவரை வரவே இல்லை. நல்ல மனுஷர், ஒருவரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஆனால் போர்டு சொன்னதற்கெல்லாம் வாயால் சமாதானம் சொல்லியே ஓய்ந்துபோனார். நம் ஊரில் கடைப் பெயர் கடையோடு நிற்குமா? நான் சிங்கப்பூர் அக்கா ஆனேன். நீ பள்ளிக்கூடத்தில் "ஏலே சிங்கப்பூர்" ஆனாய். ஒரு நாள் அழுதுகொண்டே வந்து, "நம்ம சிங்கப்பூர்லயிருந்தாப்பா வந்தோம்?" என்று நீ கேட்டாய். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து சிரித்தார்.

அவர் போன அன்று நீ காலேஜில் இரண்டாம் வருஷம். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தின நிமிஷத்திலிருந்து ஆளாளுக்கு என்னிடம் கேள்விதான். ஐஸ் பெட்டியை எங்கே வைக்க? தெருவை அடைத்துப் பந்தல் போடலாமா? ஆதார் கார்டு எங்கே? எத்தனை மணிக்கு எடுக்க? வண்டிக்காரன் வாசலில் நின்று ஹாரன் அடித்தான், அடுத்துச் சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு அவனுக்கு நேரமாகிறதாம். நான் அழுவேனா, பீரோ சாவியைத் தேடுவேனா? நீ வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டே இருந்தாய். அப்பா முகத்தை நின்று பார்க்க உனக்கு நேரமில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்தார்கள். வந்ததும் என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். "இனிமே யாரும் இவகிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது. எல்லாம் எங்கிட்ட கேளுங்க" என்று வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உன்னைப் பிடித்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் போன பிறகும் அவர்கள் போகவில்லை. வீட்டைக் கழுவிவிட்டு, எனக்கு இரண்டு வாய் இட்லியை ஊட்டிவிட்டுத்தான் எழுந்தார்கள். மறுநாள் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ சொன்னார்கள்: "அந்த டீச்சர்தான் கூடமாட நின்னாவ. இல்லேன்னா இவ என்ன ஆயிருப்பா?" நீ மொட்டைத் தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாய். நான் அந்த வார்த்தையை அன்றைக்கே மறந்துவிட்டேன். உன் காதில் தங்கிவிட்டது போலிருக்கிறது.

அப்புறம் படித்தாய், சென்னையில் வேலை கிடைத்தது. கழுத்தில் அட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீ அனுப்பிய படத்தைத் தெரு முழுக்கக் காட்டினேன். அப்படி இருந்தவன் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, துட்டி வீடுகளுக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுக்கிற கம்பெனி தொடங்கப் போகிறேன் என்றாய். எனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஏலே, பொணப்பெட்டி தூக்கவா ஒன்னைய இஞ்சினியருக்குப் படிக்க வச்சேன்?" என்று தட்டை வைத்த வேகத்தில் சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. நீ ஒரு துணியை எடுத்து வந்து பேசாமல் சுவரைத் துடைத்தாய். உன் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்ததில்லை, என்னிடமிருந்துதான். அதனால் எனக்கு அதன் அளவு தெரியும். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, சரி தொலையட்டும், பெயரையாவது நல்லதாக வைப்போம் என்று இறங்கி வந்தேன்.

நம் பக்கத்தில் தொழிலுக்குச் சாமி பெயர் வைப்போம், இல்லையென்றால் பெரியவர்கள் பெயர் வைப்போம். "கோமதி அம்மன் பேர வையிலே" என்றேன். "பொணம் ஏத்துத வண்டியில அம்மன் பேர எழுதச் சொல்லுதியாம்மா?" என்றாய். "அப்ப ஒங்க அப்பா பேரு?" என்றேன். "அந்த வண்டியப் பாத்தா ஊரே பயப்படும். அப்பா பேரையா பயந்து பயந்து வாசிக்கணும்?" என்றாய். உன் சென்னைச் சிநேகிதன் ஒருவன் இங்கிலீஷில் ஒரு கூடைப் பெயர் அனுப்பினான். அமைதி, ஆகாயம், முடிவில்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய அர்த்தம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனைத் தள்ளி வைத்தாய். "கூடமாட" என்றாய்.

"கூடமாட ஒத்தாசைக்கு ஆளு வேணும்னு சொல்லுவோமே, அந்தக் கூடமாடயா?" என்று கேட்டேன். அதேதான் என்றாய். "அது ஒரு பேராலே? போர்டு எழுதுதவன்கூடச் சிரிப்பான்." அதற்கு நீ சொன்ன பதிலை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "எம்மா, பேரச் சொல்லி நம்மள ஏச முடியணும். சொர்க்கம்னு பேரு வச்சா, சொர்க்கத்துக்குப் போகலன்னு எவன் திரும்பி வந்து ஏசப் போறான்? கூடமாடன்னு வச்சா, நாம பாதியில கிளம்பினா எவன் வேணும்னாலும் மறிச்சுக் கேக்கலாம். கேக்கணும்." பைத்தியக்காரப் பயல், ஏச்சு வாங்குவதற்கென்று எவனாவது பெயர் வைப்பானா என்று நினைத்தேன். போர்டு எழுத வந்தவன் சிரிக்கத்தான் செய்தான். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெயர் உன்னைப் படுத்தி எடுத்துவிட்டது. எந்தப் பேச்சு வந்தாலும் அந்தப் பெயரில்தான் கொண்டுபோய் முடிப்பாய். வண்டி துட்டி வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கக்கூடாது. வீட்டு ஆள்களிடம் நம் ஆள் யாரும் கேள்வி கேட்டு மொய்க்கக்கூடாது, குடும்பத்தில் யாராவது ஒருவரிடம் மட்டும் கேட்க வேண்டும். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் இரண்டு பேர் நின்று வீட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். டிரைவர் முருகையா என்னிடம் வந்து புலம்புவான். "எக்கா, மத்த வண்டிக்காரனுவ எல்லாம் சுடுகாட்டோட திரும்பிருதானுவ. நாங்க மட்டும் வாளியும் வெளக்கமாறுமா நிக்கோம்." நானும் அவன் கட்சிதான். மேலநீலிதநல்லூரில் ஒரு வீட்டில், மகள் மும்பையிலிருந்து வந்து சேரும்வரை நீ சாப்பிடாமல் வாசலிலேயே நின்றாய் என்று கேள்விப்பட்டு, "பேரு வச்சதுக்காக இப்படியா சாவ?" என்று உன்னை ஏசினேன். "பேர மாத்திட்டா சீக்கிரம் வந்துரலாம்மா" என்று சிரித்தாய்.

இவ்வளவும் பார்த்தவள்தான், வெளியே ஒரு இடத்திலும் உன் தொழிலைச் சொல்லமாட்டேன். பூ மார்க்கெட்டில், கோயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில், "பையன் என்ன பண்ணுதான்?" என்று யாராவது கேட்டால், "சொந்தமா கம்பெனி வச்சிருக்கான்" என்பேன். "என்ன கம்பெனி?" என்று விடாமல் கேட்டால், "ஈவன்ட்டு" என்பேன். சாவும் ஒரு ஈவன்ட்டுதானே என்று மனசுக்குள் சமாதானம் வேறு. வரன் பேசிய இடத்தில் மட்டும் மறைக்காமல் சொன்னேன், என்ன நடந்தது? உண்மை தெரிந்த வரன்கள் எல்லாம் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நழுவிவிட்டன. ஒரு வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாயை, நாங்கள் வாசலைத் தாண்டும் முன்பே கழுவப் போட்டார்கள். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் குருவிகுளம் பக்கத்திலிருந்து சுபாவின் ஜாதகம் வந்தது. நல்ல குடும்பம், பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரிகள், பெண் இங்கே நம் ஊரில் லேப்பில் வேலை பார்க்கிறாள். அவள் முதல் நாளே என் கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்து, "சூடா இல்லையே அத்தை, மாத்திக் கொண்டாரேன்" என்று எழுந்தாளே, அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. இவளை விடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன். அவள் அப்பா கேட்டபோது, வாய் தானாக "ஈவன்ட்டு" என்றது. திரும்பி வரும் வழியில் நீ, "எல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டாய். "சொல்லிட்டேன்லே, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன். நீ நம்பிவிட்டாய். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே வேலை பார்க்கிற இடத்தைப் போடாத பத்திரிகை இந்த ஊரில் கிடையாது. ஆகவே ஒரு பொய்யோடு நிற்க முடியவில்லை. உன் முதல் எழுத்தையும் அப்பாவின் முதல் எழுத்தையும் சேர்த்து, பின்னால் ஈவன்ட்ஸ் என்று போட்டு, பிரஸ்ஸில் கொடுத்தேன். சம்பந்தி வீட்டுக்கும் அதே பெயரைச் சொல்லிவிட்டேன். பிரஸ் அண்ணாச்சி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அவர்தானே அடிக்கிறார், உன்னை அவருக்குத் தெரியாதா? "இப்படி ஒரு கம்பெனி நம்ம ஊர்ல எங்கனம்மா இருக்கு?" என்றார். "இனிமேதான் வரப்போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அந்த நாள் வந்தது. காலையில் கம்பெனி போன் அடித்தது. நீ குளித்துக்கொண்டிருந்தாய், நான் எடுத்தேன். ஒரு பையன் பேசினான். அவர்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், பிள்ளைகள் இரண்டும் துபாயில், அந்த அம்மா மட்டும் இருக்கிறார்கள் என்றான். ஊரைச் சொன்னான். தெருவைச் சொன்னான். "வேப்பமரத்து வீட்டுக்கு எதிர்த்தாப்புலக்கா" என்றான். அந்த வேப்பமரத்துக்குக் கீழேதான் நாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போனோம். நம் வண்டி அங்கே போய் நின்றால், இறங்குகிற உன்னைச் சுபாவின் அப்பா பார்த்தால், எல்லாம் அத்தோடு சரி. யோசிக்கவே இல்லை நான். "வண்டி வெளிய போயிருக்குய்யா. வேற ஆளப் பாருங்க" என்றேன். வண்டி ஜன்னலுக்கு வெளியே, கழுவித் துடைத்து, என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பையன், "எக்கா, அந்தப் பெரியம்மா ஒத்தையில உக்காந்துருக்காவ. கூடமாடன்னு பேர வச்சிக்கிட்டு வேற ஆளப் பாருங்கிய. பெறகு எதுக்குக்கா அந்தப் பேரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஏமாந்துபோய்க் கேட்டான். பீரோ சாவியைத் தேடிக்கொண்டு நின்ற அந்த நாள் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஸ்டெல்லா டீச்சர் அன்றைக்கு, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "வண்டி வந்துட்டுய்யா, அனுப்புதேன். அந்த அம்மாகிட்ட யாரையும் ஒண்ணும் கேக்க விடாத" என்றேன்.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாய். "முருகையாவ அனுப்பு, நீ போகாத. நிச்சயம் ஆன பையன் துட்டி வீட்டுக்குப் போகக்கூடாது" என்றேன். "நிச்சயம் ஆனதுல இருந்து எத்தன வீட்டுக்குப் போயிட்டேன், இன்னைக்கு என்னம்மா புதுசா?" என்றாய். ஊரைச் சொன்னேன். "சுபா தெருவா? அப்ப கண்டிப்பாப் போகணும்லா" என்றாய், சாதாரணமாக. அப்போதுதான் சொன்னேன். நான் அவர்களிடம் சொல்லவில்லை, ஈவன்ட்டு என்று சொல்லியிருக்கிறேன், பத்திரிகைக்கும் அப்படியே கொடுத்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் முகம் ஒரு மாதிரி ஆனது. நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். நீ கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தாய். "அப்ப இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். உன் கல்யாணத்தை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று அன்று பகல் முழுக்க உலை வைக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் மொபெட் சத்தம். பார்த்தால் சுபாவின் அப்பா. தனியாக வந்திருக்கிறார். "வாங்க" என்றேன். "துட்டி வீட்டுல இருந்து நேரா வாரேன், குளிக்கல, உள்ள வரல" என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். எப்போதும் சம்பந்தியம்மா என்பவர், அன்றைக்கு வெறும் "ஏம்மா" என்றார். "ஏம்மா, ஒங்க மவன் என்ன தொழில் பண்ணுதான்னு எங்கிட்ட சொன்னிய?" அவரே சொன்னார். "ஈவன்ட்டுன்னிய. நானும் ஒரு வாரமா அந்தக் கம்பெனியத் தேடுதேன். மண்டபத்துல கேட்டேன், சமையல்காரன்ட்ட கேட்டேன், பூக்காரன்ட்ட கேட்டேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லேங்கான். அண்ணன் மவன் போன்ல தேடினான், அதுலயும் இல்ல. இல்லாத கம்பெனிக்காரனுக்கா பொண்ணக் குடுக்கப் போறோம்னு எனக்குச் சோறு எறங்கல. நாளைக்கு வந்து, இது வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிரலாம்னு இருந்தேன்."

கேட்டாயா கூத்தை! உன் தொழில் தெரிந்தால் பெண் தரமாட்டார்கள் என்று நான் ஒரு பெயரைக் கட்டிவிட்டேன். அந்தப் பெயரால்தான் பெண் தராமல் போகப் பார்த்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிறுத்தவில்லை. "காலையில பாக்குதேன், எதிர் வீட்டுல ஒங்க மவன் நாற்காலி எறக்குதான். எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. சட்டையப் புடிச்சி ரெண்டு கேக்கணும்னு எந்திரிச்சேன். துட்டி வீட்டுல சண்ட போடக்கூடாதேன்னு நின்னேன். நின்னதுனால பாத்தேன்." என்ன பார்த்தார் என்று அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ ஒரு நாளும் வாய் திறந்து சொல்லமாட்டாய். பிள்ளைகள் வருமுன் எடுப்பதா, வந்த பிறகு எடுப்பதா என்று சொந்தக்காரர்கள் வாசலில் மல்லுக்கு நின்றார்களாம். நீ அதில் தலையிடவில்லையாம். உள்ளே போய், அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "பெரியம்மா, மாத்திரை ஏதும் போடுவியளா?" என்று கேட்டாயாம். "அவியளுக்குச் சுகர்ம்மா. காலம்பரயிலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல. எதிர்வீட்டுல இருக்கேன், எனக்கு ஞாபகம் வரல. கூடப்பிறந்தவனுவளுக்கு ஞாபகம் வரல. ஒங்க மவனுக்கு வந்துச்சு" என்றார். அந்தக் கரிசல்காட்டு மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்று எனக்கு மட்டும் சொன்னது. ஆனாலும் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிக் கொடுத்த பிறகு, நீ அவரிடம் போய் நின்றாயாம். "மாமா, என் தொழில் இதுதான். பிடிக்கலேன்னா தாராளமாச் சொல்லிருங்க. எங்கம்மா மேல மட்டும் கோவப்படாதிய, அவிய பயந்துட்டாவ" என்றாயாம். ஏலே, என்னால் உனக்குக் கல்யாணமே நின்றுபோகிற நேரத்திலும் எனக்காகப் பேசியிருக்கிறாய். கேட்டதும் என்னை அடக்க முடியவில்லை. சம்பந்தி முன்னால் தெருவில் நின்று ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய், "அழாத தங்கச்சி, அழாத" என்றார். ஏம்மா போய் தங்கச்சி வந்துவிட்டது என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"பத்திரிகை அடிச்சாச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, நாளைக்குத்தான் என்றேன். "அப்ப வண்டியில என்ன பேரு எழுதியிருக்கோ, அதப் போடுங்க." உங்கள் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசமாட்டார்களா என்று இழுத்தேன். "பேசுதவன் பேசட்டும். அவன் வீட்டுக்கும் ஒங்க மவன்தான வரணும்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். மறுநாள் கடை திறக்கும் முன்பே பிரஸ் வாசலில் போய் நின்றேன். அண்ணாச்சி கேட்டார்: "அந்த வரப்போற கம்பெனி என்னம்மா ஆச்சு?" "அது வராது. இருக்குத கம்பெனியப் போடுங்க" என்றேன். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு, உன் அப்பா போன பிறகு அப்படி ஒரு நாள் ருசித்துச் சாப்பிட்டதில்லை.

சரி, புத்தி சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மா இல்லை. தென்காசியில் ஒரு ஆபீஸ், ராஜபாளையத்தில் ஒரு ஆபீஸ் என்று பேசிக்கொண்டிருக்கிறாய். போடு, சந்தோஷம். ஆனால் கம்பெனி வளர்ந்த பிறகு படித்தவன் எவனாவது வந்து, இந்தப் பெயர் பட்டிக்காட்டுப் பெயராக இருக்கிறது, மாற்றுங்கள் என்பான். அவனை ஒரு துட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லாரும் கிளம்பும்வரை நிற்க வை. அதற்குப் பிறகும் மாற்றச் சொன்னால் அப்போது யோசி. நீ போகாத வீட்டுக்கும் அந்தப் பெயர் எழுதின வண்டி போகும். அங்கே போகிறவனுக்குப் பெயரின் அர்த்தம் தெரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். யாராவது பெயரைச் சொல்லி ஏசினால் வாங்கிக்கொள். நீ கேட்டு வாங்கிய ஏச்சு அது. இன்னொன்று, ஊருக்கெல்லாம் கூட நின்றுவிட்டு வீட்டுக்கு வரும்போது பெயரை வண்டியிலேயே விட்டுவிட்டு வராதே. சுபா லேப்பில் நின்று கால் வலித்து வருவாள். அடுப்படியில் அவள் நிற்கிறபோது நீ போனோடு கட்டிலில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தேனோ, முதல் ஏச்சு என்னிடமிருந்துதான் வரும்.

அவள் நேற்று எனக்குப் போன் பண்ணினாள். நீ அவளிடம் முதல் பேச்சிலேயே உன் தொழிலைச் சொல்லிவிட்டாயாமே! அப்பாவுக்கும் தெரியும் என்று நினைத்து அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். நல்ல ஜோடிதான், போங்கள். சேலை, பூ என்று என்னவெல்லாமோ பேசிவிட்டு, "தாலி கட்டும்போது நீங்க எங்கன நிப்பிய அத்தை?" என்று கேட்டாள். புருஷன் இல்லாதவள் அந்த நேரத்தில் எங்கே நிற்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? "பின்னால எங்கயாவது நிப்பேன்த்தா, தூணு பக்கமா. எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். அவள், "அத்தை, பத்திரிகையில கம்பெனி பேரு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். "கூடமாட" என்றேன். சொல்லி முடித்ததும்தான் அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்கு உறைத்தது. "வச்சிருதேன் அத்தை" என்று வைத்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் கடைக்குப் போய், எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்து வந்திருக்கிறேன். நல்ல பச்சை. மேடையில் உன் பக்கத்திலேயே நிற்கப் போகிறேன். யாராவது முகத்தைச் சுளித்தால், எங்கள் கம்பெனி விதி என்று சொல்லிவிடு.